கல்லில் விட்ட இடம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. என் பட்டறையில் இருப்பது கல். நாற்பத்தாறு வருடம் கல்மேல் உட்கார்ந்து எழுந்தவனுக்கு மெத்தை வைத்த இருக்கை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். நீங்கள் மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டவன் நான். எனக்கு அவசரமில்லை.

தொழில் என்ன என்று கேட்டீர்கள். எழுத்து என்று போட்டுக்கொள்ளலாம். மூவாயிரம் பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒருவர்கூட எழுந்து வந்து குறை சொன்னதில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலை ஒட்டினாற்போல் இருக்கும் தகரக் கொட்டகை என்னுடையது. ஊரில் எனக்குக் கல்லுக்காரர் என்று பெயர். இன்னொரு பெயர் புளுகுமூட்டை. வெளியில் விசாரித்தால் எப்படியும் சொல்லப்போகிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எதிர்க்கடை மெஷின்காரர் ஒரு பஸ் டிரைவரின் கல்லில் பஸ்ஸை அச்சு அசலாகப் பொறித்தார். அந்தக் கல்லுக்கு முன்னால் மூன்று பேர் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஐந்து பேர் நின்றார்கள், அந்த மூன்று பேரைப் பார்க்க. அதில் ஒருவர் கையில் சில்லறை வைத்திருந்தார் என்பதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம்.

இன்று சொல்வதை நம்பலாம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. புளுகும்போது எனக்கு வெட்கம் வராது.

முதலில் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருப்பவைதான் மிகப் பழைய கற்கள். அவற்றில் ஒரு மண்டையோடும் இரண்டு சிறகும் இருக்கும். நீயும் சாவாய், அவ்வளவுதான் சேதி. அடுத்த வரிசையில் அதே மண்டையோட்டுக்கு லேசாகக் கன்னம் வைத்திருக்கிறது. அதற்கடுத்து உதடு. ஐந்தாறு வரிசை மேலே வந்தால் அது சிறகு முளைத்த குழந்தையாகிச் சிரிக்கிறது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்காரனும் தனக்கு முந்தியவனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரக்கப்பட்டிருக்கிறான். பிறகு துணி போர்த்திய ஜாடி வந்தது, கிளை தொங்கும் மரம் வந்தது. இளவயதில் போனவருக்குப் பாதியில் முறிந்த தூண், குழந்தைக்கு ஆட்டுக்குட்டி. மேலே காட்டும் ஒற்றை விரலும் உண்டு, போன இடத்தைக் காட்டுவது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒருமுறை கல்லைத் தலைகீழாகப் போட்டு வெட்டியதில் விரல் கீழே காட்டிவிட்டது. அந்த வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "அவரை உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்று மட்டும் கேட்டார்களாம்.

என் காலத்துக்கு வந்தது கை. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கல், அதில் பிடித்துக்கொண்ட இரண்டு கைகள். ஒன்றுக்கு முழுக்கைச் சட்டையின் பித்தான், மற்றதற்கு லேஸ். முதலில் போனவரின் பிடி இறுக்கமாக இருக்கும். இருப்பவரின் விரல்கள் சற்றுத் தளர்ந்திருக்கும். இப்போது எல்லாம் மெஷின்தான். முகத்தையே பொறித்துவிடுகிறது, மோட்டார் சைக்கிளைப் பொறிக்கிறது, வளர்த்த நாயைப் பொறிக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. பின்னாளில் நானும் ஒரு மெஷின் வாங்கினேன். தோள்வலி குறைந்தது.

1986-இல் பேக்கரிக்காரர் இறந்தார். அவர் மனைவியை ஊரில் எல்லாரும் பேக்கரி அக்கா என்பார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பது. கணவர் போன நான்காம் மாதம் கொட்டகைக்கு வந்து எனக்கு எதிரே கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கல்லா வெட்டிடுங்க. எனக்கு இதயம் சரியில்லையாம். டாக்டர் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டார். பையன் தூரத்துல இருக்கான், இதுக்காக அவனை ரெண்டு தடவை அலைய வைக்க வேண்டாம்."

ஒரு வருடம் அந்தக் கல்லோடு இருந்தேன். பேக்கரிக்காரரின் கட்டைவிரலுக்குக் கீழே அடுப்புச் சுட்ட தழும்பு உண்டு; அதை வெட்டினேன். அக்காவின் லேஸில் முப்பத்திரண்டு துளைகள், ஒன்றைக்கூட ஏமாற்றவில்லை. விரல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சதை லேசாக அமுங்கியிருக்கும். கருங்கல்லில் சதை அமுங்குவதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இதில் புளுகு இல்லை, தோட்டக் குழுவின் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன.

கைகளுக்குக் கீழே, இடது பக்கம் அவருடைய வருடங்கள்: 1921 – 1986. வலது பக்கம் அக்காவுக்கு 1928, ஒரு கோடு. அதற்குப் பிறகு ஒன்றும் வெட்ட வேண்டாம், தான் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அக்கா சொன்னார். ஆனால் அந்தப் பக்கம் காலியாக இருந்ததில் கல்லே இடப்புறம் சாய்ந்து நிற்பது போலத் தெரிந்தது. டாக்டர் இரண்டு வருடம் என்றிருக்கிறார். நூற்றாண்டு முடியப் பதின்மூன்று வருடம் இருக்கிறது. நான் 19 என்று வெட்டி, இன்னும் இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டேன்.

யாரும் கேட்காமல் நானாகச் செய்தது அது. இந்த விஷயத்தில் என் முதல் வெட்கம் அதுதான்.

அக்கா சாகவில்லை. கணவரைப் பார்க்கத் தினமும் காலையில் நடந்து வர ஆரம்பித்தார். நடந்து நடந்து அவர் இதயம் சரியாகிவிட்டது. அந்த டாக்டருக்கு நான்தான் கல் வெட்டினேன்.

காலை ஏழு மணிக்குப் பிளாஸ்க்கோடு வருவார். வாசலிலிருந்து ஏழு படி இறங்கி, தன் கல்லுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்காருவார். ஒரு டம்ளர் டீ அவருக்கு, ஒன்று எனக்கு.

"என்னைப் பாதி கல்லுல வச்சிட்டீங்க தம்பி. மீதியை நான்தான் தூக்கிட்டுத் திரியறேன்."

"மெதுவா வாங்கக்கா. கல்லு எங்க ஓடப்போகுது."

"கல்லு ஓடாது. வருஷம் ஓடுதே."

தொண்ணூற்றாறு வரைக்கும் இது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் மெஷின்காரர் எதிரில் கடை போட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் கேள்வி அதுதான்.

"அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அச்சச்சோ" என்பார்.

வாடிக்கையாளர்களைத் தோட்டத்துக்குள் கூட்டிவந்து என் கல்லைக் காட்டுவார். "வேலைப்பாட்டுல குறையே சொல்ல முடியாதுங்க. கையைப் பாருங்க, என்ன உயிர். அப்படியே கீழ பாருங்க, பத்தொம்பதுன்னு வெட்டிட்டுக் காத்துக்கிட்டு இருக்கார். நம்ம மெஷின்ல போன பிறகுதாங்க தேதி ஏறும்." அவர்கள் சிரிப்பது என் கொட்டகைவரை கேட்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. கல்தூளையும் பசையையும் குழைத்து எழுத்தை அடைத்துப் பார்த்தேன், ஒரு துண்டுக் கல்லில்தான். இரண்டு மழைக்குள் அந்த இடம் தனியாக வெளுத்து, பரு வந்த முகம் போல ஆகிவிட்டது. முகப்பை முழுக்க இழைத்து இறக்கலாம். இறக்கினால் லேஸ் போய்விடும். புதுக் கல்லே வெட்டியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஒரு கையை இன்னொரு தடவை வெட்டலாம், ஐயா. அதே கையை வெட்ட முடியாது.

அக்காவே ஒரு வழி சொன்னார். "பத்தொம்பது மேல குறுக்க ஒரு கோடு இழுத்துட்டு, மேல இருபதுன்னு வெட்டிடுங்க. பரீட்சைப் பேப்பர்ல அடிச்சு எழுதற மாதிரி. வர்றவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். இங்க சிரிக்க வேற என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் சிரிப்பது என்னைப் பார்த்து. நான் ஊரைச் சிரிக்க வைப்பவன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் அக்காவுக்குச் சளி கட்டியது. ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரத்தில் நான் சின்ன உளிகளைத் தீட்டி வைத்தேன். எட்டாம் நாள் பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, முகம் ஏன் இப்படித் தொங்கிப்போச்சு? நேரத்துக்குச் சாப்பிடறதில்லையா?"

அன்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல், அவர் பார்க்காத நேரம் கீழே ஊற்றிவிட்டேன்.

அந்த ஏழு படியில் நான்காவது படி விரிசல் விட்டுப் பல வருடமாகியிருந்தது. மாற்றித் தரச் சொல்லித் தோட்டக் குழுவின் செயலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் மாற்றிக் கொடுத்தேன்.

படிக்கல்லில் கால் படும் முகத்தை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட வேண்டும். சொரசொரப்பாக இருந்தால்தான் பாதம் நிற்கும். கல் வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்வது இது. நான் அந்த முகத்தை ஆறு நாள் மெருகேற்றினேன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று முன்பக்கமாக ஒரு நூல் சரிவும் கொடுத்தேன்.

செயலாளர் வந்து பார்த்தார். "என்னங்க இது, படியா கண்ணாடியா? நின்னு தலை சீவிக்கலாம் போல இருக்கே." பாராட்டி ஒரு கடிதமும் தட்டச்சு செய்து கொடுத்தார். கொட்டகையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை சுற்றுவழி எதற்கு, தினமும் கல்லுக்கு நேர் எதிரே உட்காருகிறவர்தானே, அந்தக் கல்லையே அவர்மேல் சாய்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். கல்லின் மூலை உடைந்துவிடும்.

முதல் இரண்டு வாரத்தில் அந்தப் படியில் இரண்டு பேர் வழுக்கினார்கள். ஒருவர் குழி வெட்டுகிறவர், மண்வெட்டியோடு. இன்னொருவர் மலர் வளையம் கொண்டு வந்தவர். இருவரும் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நடந்துவிட்டார்கள். எனக்குக் கவலையாகிவிட்டது, சரிவு போதவில்லையோ என்று.

அக்கா வழுக்கவில்லை. அவர் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவார். இருபத்தேழாம் தேதி மாலை அந்தக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்து, 'ஈரம், தொட வேண்டாம்' என்று ஓர் அட்டை மாட்டினேன். அட்டைதானே என்று அலட்சியமாக எழுதவில்லை. இரண்டு வரியும் சரிசமமாக வந்திருந்தன.

மறுநாள் காலையில் தூறல். நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா வந்தார், அட்டையைப் படித்தார். என் பெயின்ட் கெட்டுவிடக் கூடாது என்று கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது படியில் நின்று என்னைப் பார்த்து, "அழகா அடிச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

நான் ஓடினேன், ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்த பிறகு எல்லாருக்கும் முன்னால் ஓடியது நான்தான். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தலையில் ஆறு தையல். மகன் வந்து சேர ஒரு நாள் ஆனது. அவர் வந்த பிறகும் நான் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வார்டு நர்ஸ் அக்காவிடம், "சொந்தத் தம்பியாம்மா? கூடப் பொறந்தவங்ககூட இப்படி உக்கார மாட்டாங்க" என்றார். எனக்கு நேரே சுவரில் தாள் கிழிக்கும் காலண்டர் ஒன்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

முப்பதாம் தேதி டாக்டர் ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்றார். எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். முப்பத்தொன்றாம் தேதி பார்வையாளர் நேரம் மாலை ஐந்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் போனபோது அவருக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"இன்னிக்கு என்ன தேதி தம்பி?"

"ஒண்ணுக்கா."

"ஒண்ணா? அப்போ தாண்டிட்டேனா?" சிரித்தார். சிரித்தது இடுப்பில் வலித்தது. வலி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, மகன் அறையில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பையன்கிட்ட செருப்பு வழுக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். படின்னு சொன்னா பழி உங்க மேல வரும். பாக்க நல்லா இருக்கணும்னுதானே போட்டீங்க. அதைச் சீக்கிரம் மாத்திடுங்க, வேற யாராவது விழுந்துடப்போறாங்க."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கல்லை நெனச்சும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. தொண்ணூத்தொம்பதுன்னே வெட்டிடுங்க. நான் எப்பப் போனாலும், இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் போனாலும், அப்படித்தான் வெட்டணும்னு போன வருஷமே பையன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். செத்தவளுக்கு எந்த வருஷமா இருந்தா என்ன? அவ்வளவு அழகான கல்லு. அது கெடக் கூடாது."

"என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"உங்ககிட்டயா? டீக்கடையில ஆயிரம் புளுகுவீங்க. கல்லுல ஓர் எழுத்து பொய்யா வெட்டுங்கன்னா ஒத்தக்கால்ல நின்னு மாட்டேம்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

ஜனவரி மூன்றாம் தேதி பிற்பகல் இறந்தார். அப்போது அவருடைய கை என் கைக்குள் இருந்தது. விரல் தொடும் இடத்தில் சதை எப்படி அமுங்குகிறது என்று பார்த்தேன். நான் வெட்டியதில் கட்டைவிரல் பக்கம் இன்னும் ஒரு நூல் ஆழம் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதைப் பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகன் கொட்டகைக்கு வந்து, அம்மா சொன்னபடியே வெட்டிவிடச் சொன்னார். வெட்டினேன். ஜனவரியில் செத்தவருக்குத் தொண்ணூற்றொன்பது என்று போட்டதை ஊரே பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மெஷின்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "பொருத்தமா அமைஞ்சிடுச்சுண்ணே" என்றார். அந்த வாரமே நான்காவது படியைப் பெயர்த்து, கொத்தி, திரும்பப் பதித்தேன். அரை நாள் வேலை.

இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டீக்கடையில் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை, "அப்புறம் அக்கா எந்திரிச்சு வந்து தேதியை மாத்தச் சொன்னாங்களாக்கும்" என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். மூன்றாம் தடவை நானே அதைச் சேர்த்துச் சொன்னேன். நன்றாக எடுபட்டது.

இப்போது எனக்கு எழுபத்தொன்பது. எனக்கென்று ஒரு கல் வெட்டலாம் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கினேன். என்ன அடையாளம் போடுவது என்று தோட்டம் முழுக்க, ஒரு வரிசை விடாமல், நடந்து பார்த்தேன். துக்கத்துக்கு மரம் இருக்கிறது, பாசத்துக்குக் கை இருக்கிறது, பயத்துக்கு மண்டையோடு இருக்கிறது. வெட்கத்துக்கு ஒன்றுமே இல்லை. இத்தனை நூறு வருடத்தில் ஒருவர்கூடவா வெட்கத்தோடு சாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானே ஒன்றை உண்டாக்கினேன். ஏழு படிகள், கீழே இறங்குவது போல. ஆறு படி கொத்தியது. ஒன்று மட்டும் மெருகேற்றியது. வெயில் படும்போது அது ஒன்றுதான் தெரியும். மெஷினைத் தொடவில்லை, முழுக்கக் கைவேலை.

அடியில் ஒரு வரி வர வேண்டும். 'பேக்கரி அக்காவைக் கொன்றவன்.' அதற்குத் தோட்டக் குழு சம்மதிக்கவில்லை. இப்போதைய செயலாளர் ஒரு சின்னப் பெண். "தாத்தா, உங்க விளையாட்டுக்கு இந்த இடம்தான் கிடைச்சதா? கொலை கிலைன்னு எல்லாம் கல்லுல வெட்ட விட முடியாது. போலீஸோ கோர்ட்டோ ஒரு காகிதம் கொடுத்தா அப்போ பாக்கலாம்" என்றாள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் இங்கே வந்தேன்.

அவரைக் கொன்றது நான்தான். படியும் என்னுடையது, பெயின்ட்டும் என்னுடையது, தெரிந்தே செய்தது. இதை யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கவில்லை. வெட்கம் தாளாமல் நானாக வந்து சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அந்தக் காகிதத்தை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், ஐயா. ஒரு வரிதான் பாக்கி. நேரம் கிடைத்தால் நீங்களும் ஒருநாள் வந்து பாருங்கள், நான் வெட்டியதிலேயே இதுதான் அழகாக வந்திருக்கிறது.